தீசியஸ் கதையில் அரக்கனே இல்லை, ஆனாலும் ஏன் இவ்வளவு பிடித்தது?

வைகைக்கரை:

மேரி ரெனால்ட் எழுதிய 'தி கிங் மஸ்ட் டை' நாவலை நேற்று இரவு இரண்டு மணிக்கு முடித்தேன். இன்னும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 1958இல் வந்த புத்தகம். கதை நமக்குத் தெரிந்ததுதான்: ஏதென்ஸிலிருந்து ஏழு பையன்களும் ஏழு பெண்களும் கிரீட் தீவுக்குக் கப்பமாகப் போகிறார்கள், அங்கே காளைத் தலை கொண்ட மினோட்டார் சுழல் மாளிகைக்குள் காத்திருக்கிறது, ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் அதைக் கொன்றுவிட்டு, கிரீட் இளவரசி அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

ஆனால் இந்த நாவலில் மினோட்டார் மனிதன்தான். சுழல் மாளிகை என்பது எக்கச்சக்கமான அறைகள் கொண்ட ஓர் அரண்மனை. கப்பமாகப் போனவர்களை யாரும் தின்பதில்லை, அரங்கில் காளையின் மேல் தாவி ஆடப் பழக்குகிறார்கள். தீசியஸும் ஆஜானுபாகுவான வீரன் இல்லை, குள்ளமான, லேசான உடம்புக்காரன், அதனாலேயே தாவ முடிகிறது. அவனே தன் கதையைச் சொல்கிறான்.

என் நண்பரிடம் சொன்னால், "அரக்கனை எடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன புராணம், வெறும் சரித்திரக் கதைதானே" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. சின்ன வயதில் படித்த மாட்டுத்தலை அரக்கனைவிட இந்தக் கதை அதிகமாகப் பயமுறுத்தியது. ஆனால் ஏன் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லுங்களேன். 1962இல் வந்த அடுத்த பாகத்தைத் தொடங்கும் முன் வேறு ஏதாவது படிக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய வாசகி:

நான் மூன்று முறை படித்திருக்கிறேன். உங்கள் நண்பருக்கு ஒன்று சொல்லுங்கள்: அரக்கனை எடுத்தார், தெய்வத்தை எடுக்கவில்லை. நிலநடுக்கம் வருவதற்கு முன்பே தீசியஸின் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது இல்லையா, அதை அவன் கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தெய்வமான பொசைடனின் அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறான். விலங்குகளுக்கு இருப்பதாகச் சொல்வார்களே, அந்த மாதிரி உணர்வு என்று நாம் நினைத்துக்கொள்ளலாம், சாமி என்றும் நினைத்துக்கொள்ளலாம், ஆசிரியர் கடைசிவரை இரண்டில் ஒன்றைச் சொல்லவே மாட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்னொன்று, தலைப்பு. ஆரம்பத்தில் குதிரையைப் பலி கொடுப்பதைச் சிறுவன் தீசியஸ் பார்த்துவிட்டு ஒடிந்துபோகிறான், அப்புறம் தாத்தா அவனிடம் பேசுகிறார்: மக்களுக்காகச் சாவது ராஜாவின் கடமை, ஆனால் அவனாக மனமுவந்து சம்மதிக்க வேண்டும், சம்மதம்தான் முக்கியம் என்று. அதைப் படித்தபோது எனக்குக் கூவாகம்தான் நினைவுக்கு வந்தது. அரவான் களப்பலிக்குத் தானே சம்மதிக்கிறான், அதனால்தானே அந்த ஊரே மறுநாள் தாலியறுத்து அழுகிறது. நவகண்டச் சிற்பங்களில் தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொண்டு நிற்கும் வீரனையும் பார்த்திருப்பீர்கள். கிரேக்கத்துக்கும் நமக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தாத்தா பேசுவதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாடிவாசல்காரன்:

எனக்குப் பிடித்தது முழுக்க அந்தக் காளை ஆட்டப் பகுதிதான், மற்றதைக் கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டினேன். நான் ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர்க்காரன். கிரீட் தீவின் நோசஸ் அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன்: காளைக்கு முன்னால் ஓர் ஆள் கொம்பைப் பிடித்திருக்கிறார், முதுகுக்கு மேல் ஒருவர் தலைகீழாக, பின்னால் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு. நம்மூரில் கொம்பைப் பிடித்தால் ஆள் காலி, திமிலைத்தான் பிடிக்க வேண்டும். காளை தலையை நேராக மேலே தூக்கி நம்மைத் தாராளமாகப் பறக்கவிடாது, பக்கவாட்டில் வீசிக் குத்தும். அதனால் ஓவியத்தில் இருப்பது போல அப்படியே தாவ முடியுமா என்று ஆராய்ச்சியாளர்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் நாவலில் அதை நம்பினேன், ஏனென்றால் அந்த அம்மா தாவுகிறவனைப் பற்றி மட்டும் எழுதவில்லை. 'கொக்குகள்' என்று பேர் வைத்துக்கொண்டு அந்தக் குழு சத்தியம் செய்கிறதே, ஒருவர் உயிரை மற்றவர் காப்பது என்று, காளை திரும்பினால் கவனத்தைத் திருப்ப இன்னொருத்தி பாய்கிறாளே, அதுதான் உண்மை. கூடவே, தன் காளையையே அவர்கள் நேசிக்கிறார்கள். கலித்தொகையில் ஏறு தழுவும் பாட்டுகளிலும் கவிஞர் ஒவ்வொரு காளையின் நிறத்தையும் மறுவையும் ரசித்து ரசித்துச் சொல்வார். அதே கண்.

மண்மேடு:

எனக்கும் பிடித்த நாவல்தான், ஆனால் மேலே எழுதியவர்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். நாவலில் ஏதென்ஸுக்குப் பக்கத்து ஊரான எலியூசிஸில் வருடத்துக்கு ஒரு ராஜா, வருடம் முடிந்தால் அவனைக் கொன்று அடுத்தவன், என்று வருவது 1890இல் ஜேம்ஸ் ஃபிரேசர் 'தி கோல்டன் பௌ' நூலில் கிளப்பிய எண்ணத்திலிருந்து வந்தது. இன்றைய அறிஞர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. அன்னைத் தெய்வத்தை வணங்குகிறவர்களை தீசியஸ் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறான், அரியாட்னிக்கு நாக்ஸோஸ் தீவில் நடப்பதும் எனக்கு அநியாயமாகவே பட்டது. படிக்காதவர்களுக்காக அதை உடைக்காமல் விடுகிறேன். அவன் வாயால் கேட்கிற கதை, அவன் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டாம் என்ற நினைப்போடு படித்தால் நாவல் இன்னும் ஆழமாகும்.

அரக்கனை மனிதனாக்கியது புதிதும் இல்லை. பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய தீசியஸ் வரலாற்றிலேயே, சுழல் மாளிகை வெறும் சிறைதான், டாரஸ், அதாவது 'காளை', என்று ஒரு தளபதி இருந்தான், என்றெல்லாம் பழைய ஆட்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. அடுத்த பாகத்துக்கு முன் அதைப் படியுங்கள், சின்ன நூல்தான். திரும்பும்போது கப்பலின் கறுப்புப் பாயை மாற்ற மறந்தான், அதைப் பார்த்து அப்பா ஈஜியஸ் உயிரைவிட்டார் என்று அதில் இருக்கும். நாவலில் அது வெறும் மறதி இல்லை, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆசிரியரின் கை தெரியும்.

அப்புறம் நோசஸ். 1900இல் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கினார். அங்கே கிடைத்த களிமண் பலகைகளின் லீனியர் பி என்ற பழங்கால எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தார், அதாவது நாவல் வருவதற்கு ஆறே வருடம் முன்பு. அந்தப் பலகைகளில் ஒன்றில் காணிக்கைக் கணக்கு இருக்கிறது: எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு ஜாடி தேன், சுழல் மாளிகையின் தலைவிக்கு ஒரு ஜாடி தேன்.

வைகைக்கரை:

எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து ஒரு ஜாடி, அவளுக்கு மட்டும் தனியாக ஒரு ஜாடியா! இதை இப்போதே நண்பருக்கு அனுப்புகிறேன். வாசகி, நீங்கள் சொன்ன பிறகு தாத்தா பேசும் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான். அரக்கன் சாப்பிட வந்தால் ஓடலாம், சம்மதம் கேட்டால் எங்கே ஓடுவது? மண்மேடு சார், புளூட்டார்க்கை முதலில் முடிக்கிறேன். வாடிவாசல்காரரே, காளைப் பகுதியைப் பற்றி இன்னும் எழுதுங்கள், உங்கள் ஊரில் குழுவாக நிற்பவர்கள் யார் எங்கே நிற்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.