புதுப்பிப்பு: பழையபேட்டையில் பூட்டிக் கிடக்கும் கடை வரிசை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் கடைகளின் சன்ஷேடு பெயர்ந்து விழுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நகராட்சி மட்டுமே கேட்க முடியும் என்று அப்போது சொன்னது தவறு. இடிந்து விழக்கூடிய கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ அகற்றவோ உரிமையாளருக்கு உத்தரவிட வருவாய்க் கோட்டாட்சியருக்கும் அதிகாரம் உண்டு: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 152. 2024 ஜூலைக்கு முன் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் படங்களோடு மனுக் கொடுத்தேன். அதன்பிறகு உரிமையாளர் ஒரு தகரத் தடுப்பு வைத்திருக்கிறார். போதவே போதாது! பள்ளிப் பிள்ளைகள் இன்னமும் அந்த நிழலில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அடுத்து கோட்டாட்சியர் அலுவலகம் போகிறேன்; பக்கத்துக் கடைக்காரர்களும் மனுவில் கையெழுத்திட வாருங்கள்.