விவாகரத்து வழக்கில் மனநல சிகிச்சைக் கோப்பு முழுவதும் எதிர்த்தரப்பு கைக்குப் போகலாமா?

மலர்விழி:
தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு மன அழுத்தம் வந்து சிகிச்சை எடுத்தாள். இப்போது விவாகரத்து வழக்கில் கணவர் தரப்பு மனு போட்டு, மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட் முழுவதையும் நீதிமன்றத்துக்கு வரவழைத்துவிட்டது. எங்கள் வக்கீலிடம் வந்த தாள்கட்டை நகல் எடுக்க எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பின்னால் இரண்டு பேர் நிற்க, கடைப் பையன் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் கவிழ்த்தான். சின்ன வயதில் அப்பா அடித்ததைப் பற்றி அவள் டாக்டரிடம் அழுதுகொண்டே சொன்னதுகூட அதில் இருந்தது. அதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?

வக்கீல் சேகர்:
கஷ்டம்தான் அம்மா, ஆனால் அந்தரங்கம் என்று மொத்தமாக மூடவும் முடியாது. 2003இல் சாரதா எதிர் தரம்பால் வழக்கில், திருமண வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கே உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில் மனநோய் இருந்தால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். கணவர் 'பைத்தியம்' என்று எழுதிக் கொடுத்த பெண்ணை, சாதாரண மன அழுத்தம்தான், குணமாகிவிட்டது என்று காப்பாற்றுவதும் இதே கேஸ் ஷீட்தான்.

கார்த்திக்_மதுரை:
வக்கீல் சார் சொல்வது சரி. என் மனைவி எடுத்த எட்டு வருட சிகிச்சையைக் கல்யாணத்துக்கு முன் மறைத்தார்கள். நோய் வந்தது அவர் தப்பில்லை, மறைத்தது தப்பு. மருத்துவமனை ஒரு தாள்கூடத் தராததால் நான்கு வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தேன்.

மலர்விழி:
அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. சிகிச்சை எப்போது தொடங்கியது, என்ன நோய் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான், அதற்கு இரண்டு பக்கம் போதுமே. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி அவர்கள் பெயரை மாற்றிப் புனைபெயரில் வழக்கு நடத்தலாம், வெளியிடத் தடை போடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதே 2017இல் வந்ததுதான், 23ஆம் பிரிவில் ரகசியம் காக்கச் சொல்கிறது, ஆனால் நீதிமன்றத்துக்குள் வந்த தாளை எப்படிக் காப்பது என்று அங்கே ஒன்றுமில்லை.

வக்கீல் சேகர்:
குடும்பநல நீதிமன்றச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். கேட்டீர்களா?

மலர்விழி:
கேட்டோம் சார், நடக்கிறது. அறையைப் பூட்டிவிட்டுத் தாள்கட்டை வெளியே விட்டால் எப்படி? கணவர் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் யார் தடுப்பது?

வக்கீல் சேகர்:
அது நியாயமான பயம். கோப்பைச் சீலிட்ட உறையில் வைத்து முதலில் நீதிபதி மட்டும் படிக்கட்டும், தொடர்புள்ள பக்கங்களை மட்டும் இரு தரப்புக்கும் தரட்டும், வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று உத்தரவிடட்டும். இப்படி மனு போடுங்கள். ஆனால் நீதிபதி எதை நம்பித் தீர்ப்பு எழுதுகிறாரோ, அதை எதிர்த்தரப்பு பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கார்த்திக்_மதுரை:
தொடர்புள்ள பக்கம் எது என்பதை நீதிபதி முடிவு செய்தால் எனக்கும் சம்மதம். அதை மருத்துவமனை முடிவு செய்யக் கூடாது.

மலர்விழி:
சரி சார், அடுத்த வாய்தா 19ஆம் தேதி, அந்த மனுவோடு போகிறோம். ஏற்கெனவே கொடுத்த நகலைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லியும் அதிலேயே கேட்கலாமா?