சுருக்குப் பை விற்ற பணம்: டெக்சஸ் தாய்மார் மன்ற அனுபவங்கள்

டல்லஸ் அருகே வசிக்கும் ஒரு தாய்:

என் மகன் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு, அண்டை வீட்டு அம்மையார் என்னை, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் தாய்மார் மன்றக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 1876இல் வேளாண் கல்லூரியாகத் திறக்கப்பட்டதால் அங்கே படிப்பவர்களை இன்றும், வேளாண்மையைக் குறிக்கும் ‘அக்ரிகல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த ‘ஆகீ’ என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். அந்த மாணவர்களுக்காக 1922இல் டல்லஸில் தாய்மார்கள் தொடங்கிய முதல் மன்றத்தின் வழியாகவே இந்த மரபு பரவி, 1928இல் ஒரு கூட்டமைப்பாகி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்களாக வளர்ந்திருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாணவர் மையத்தில் நடைபெறும் கைவினை விற்பனைக்கு ஒவ்வொருவரும் ஏதாவது செய்து தரவேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது தையல். அங்கே 90 கிரெடிட் (பாடங்களுக்குத் தரப்படும் மதிப்பலகு) முடித்த மாணவர்கள் பெறும் மோதிரத்துக்கு இருக்கும் மதிப்பை மகன் சொல்லக் கேட்டிருந்தேன். ஆகவே, அந்த மோதிரத்தை வைக்கவென்று, பல்கலைக்கழகத்தின் அரக்குச் சிவப்பு நிறத்தில் பருத்தித் துணி வாங்கி, என் பாட்டி வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்திருந்த சுருக்குப் பையின் அளவைச் சிறிதாக்கி, உள்ளே வெள்ளைத் துணி வைத்து நாற்பது பைகள் தைத்தேன். கயிற்றின் இரு நுனிகளிலும் குஞ்சம் கட்டத்தான் நேரம் பிடித்தது.

அந்த மையம் போரில் உயிர்நீத்த முன்னாள் மாணவர்களின் நினைவிடம் என்பதால், உள்ளே நுழைபவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். சுற்றியுள்ள புல்லையும் மிதிப்பதில்லை. எங்கள் மேசைக்கு வந்த ஒரு மாணவன், தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு பை வாங்கினான். மாலைக்குள் நாற்பதும் விற்றன. பணத்தை இருவர் தனித்தனியாக எண்ணிக் கையெழுத்திட்ட பிறகே பெட்டியை மூடினார்கள். பொதுப்பணம் கையாளும் எந்த அமைப்புக்கும் இந்த ஒழுங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹூஸ்டனிலிருந்து ஒரு தந்தை:

மன்றம் தாய்மார்களுடையது; பெட்டி தூக்குவது என் பங்கு. இறுதித் தேர்வுக்கு முன்பு, பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காகப் பணம் கட்டிப் பதிவு செய்த தின்பண்டப் பைகளை ஒரு கூடத்தில் வரிசையாக நின்று நிரப்புவோம். செலவு போக மிஞ்சுவது உதவித்தொகைக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் செல்கிறது. என் மகள் படிக்கும் இந்தப் பல்கலைக்கழகம் 1963இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது என்பதையும், அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெண்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே நிதி திரட்டியிருக்கிறார்கள் என்பதையும் பை நிரப்பும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முன்னாள் மாணவி ஒருவர்:

நான் பெற்றுக்கொண்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டுமே இருந்த ஒரு சிறிய மாணவர் அமைப்பு, வெளியூர்ப் போட்டிக்குச் செல்ல வேன் வாடகை இல்லாமல் தவித்தது. பெரிய நன்கொடையாளர்கள் கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் தருவார்கள். வேன் வாடகைக்கு யாரிடம் கேட்பது? பல ஊர்த் தாய்மார் மன்றங்களுக்கு விண்ணப்பம் எழுதினோம். இரண்டு மன்றங்கள் தங்கள் கூட்டத்தில் வாக்கெடுத்து, தலா நூற்றைம்பது டாலர் அனுப்பின. தொகை சிறிதுதான், ஆனால் அது வராவிட்டால் எங்களில் பாதிப் பேர் விடுதியிலேயே தங்கியிருப்போம். திரும்பி வந்ததும் பன்னிரண்டு பேரும் கைப்பட நன்றி எழுதி, வாடகை ரசீதையும் சேர்த்து அனுப்பினோம். மறு ஆண்டு பொறுப்பேற்ற இளையவர்களிடம், விண்ணப்பப் படிவத்தோடு அந்த ரசீதின் நகலையும் ஒப்படைத்தேன்.