பேஸ்போல் சாதனைகளில் முறியடிக்க முடியாதவை எவை?

கேள்வி: பழைய ஸ்கோர்புத்தகம் (வெள்ளவத்தை)

ஜப்பானிய பேஸ்போல் வீரர் ஷோஹெய் ஒடானி டொட்ஜர்ஸ் அணிக்கு வந்த பின்னர், லொஸ் ஏஞ்சல்ஸில் இரவு தொடங்கும் ஆட்டங்கள் நமக்குக் காலை எட்டு மணியளவில் கிடைப்பதால், தேநீர் குடித்துக்கொண்டே சில இன்னிங்ஸாவது பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது. ஆட்டத்தின் விதிகள் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டன. ஆனால் சாதனைகளைப் பற்றி அமெரிக்க வர்ணனையாளர்கள் பேசும் விதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முரளியின் 800 விக்கெட்டுகளையோ பிராட்மனின் 99.94 என்ற சராசரியையோ சொன்னால் நமக்குள் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அங்கோ ஒரு எண்ணைச் சொன்னவுடன், அது எந்தக் காலத்து எண், எத்தனை ஆட்டங்களில் வந்தது, யாரை எதிர்த்து வந்தது என்று ஒரு வழக்கே நடக்கிறது.

பேஸ்போல் வரலாற்றை அறிந்தவர்களிடம் இரண்டு கேள்விகள். இனி எவராலும் எட்ட முடியாத சாதனைகள் என்று நீங்கள் உண்மையிலேயே கருதுபவை எவை? ஹோம் ரன் (நமது சிக்ஸரைப் போல, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) சாதனையை மட்டும் எல்லோரும் ஏன் ஒரு தயக்கத்துடன் உச்சரிக்கிறார்கள்? பட்டியல்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. எனக்குக் காரணங்கள் வேண்டும்.

---

பதில்: கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயா, முறியடிக்க முடியாத சாதனை என்பதும் மிகப் பெரிய சாதனை என்பதும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

சை யங் என்ற பிட்சர் (பந்தெறிபவர்) 1890 முதல் 1911 வரை ஆடி 511 வெற்றிகளை, அதாவது அணி வெல்லும்போது பிட்சரின் கணக்கில் எழுதப்படும் வெற்றிகளை, பெற்றார். இரண்டாம் இடத்திலுள்ள வோல்ட்டர் ஜோன்சனுக்கு 417 வெற்றிகள். ஒரு பிட்சர் ஆண்டுக்கு 20 வெற்றிகள் வீதம் 25 ஆண்டுகள் தொடர்ந்து பெற்றாலும் 500இல்தான் நிற்பார். இன்றோ ஒரு பருவகாலத்தில் 20 வெற்றிகள் பெறுபவர் ஒருவரோ இருவரோதான். 2024இல் அந்த எண்ணிக்கையை எட்டியவர் எவருமே இல்லை. சை யங் தாம் தொடங்கிய ஆட்டத்தைத் தாமே முடித்துவைத்தது 749 முறை. இப்போதைய பிட்சர் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை களமிறங்கி, நூறு பந்துகளை அண்மித்ததும் வெளியே அழைக்கப்படுகிறார். ஆகவே அந்த 511க்கு அழிவில்லை என்பது உண்மையானாலும், அதனைக் காத்து நிற்பது அவருடைய திறமை மட்டுமல்ல. ஆட்டமே அந்தக் கதவை மூடிவிட்டது.

ஜோனி வெண்டர் மீர் என்ற பிட்சர் 1938 ஜூனில் அடுத்தடுத்துத் தொடங்கிய இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு ஹிட்டைக்கூட (பந்தை அடித்து, ஓடி எட்ட வேண்டிய தளமான பேஸை அடைவது) கொடுக்கவில்லை. இதை முறியடிக்க மூன்று ஆட்டங்கள் தொடர்ச்சியாக அப்படி அமைய வேண்டும். ஜிம் லேக்கர் 1956இல் ஒரே டெஸ்ட் போட்டியில் எடுத்த 19 விக்கெட்டுகளைப் போன்ற சங்கதி இது. அதே 1956இன் ஒக்டோபரில்தான், ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஆட்டமொன்றில் 27 துடுப்பாட்டக்காரர்களையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்து, ஒருவரைக்கூட முதலாம் பேஸை எட்டவிடாமல் டொன் லார்சன் வென்றார். வேர்ல்ட் சீரிஸில் அத்தகைய முழுமையான ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், லார்சனின் மொத்தக் கணக்கு 81 வெற்றிகளும் 91 தோல்விகளும்தான். சாதாரண வீரர் ஒருவருக்கு ஒரு பிற்பகல் வாய்த்தது. அதனால்தான் இவ்வகைச் சாதனைகளை நான் வியக்கிறேனே தவிர, வரிசையின் முதலிடத்தில் வைப்பதில்லை.

முதலிடத்தில் வைப்பது ஜோ டிமாஜியோவின் 56ஐ. 1941 மே 15 முதல் ஜூலை 16 வரை நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக அவர் ஆடிய 56 ஆட்டங்களிலும், ஒன்றுகூடத் தவறாமல், குறைந்தபட்சம் ஒரு ஹிட் அடித்தார். 0.350 சராசரியுள்ள (ஆயிரம் வாய்ப்புகளில் 350 ஹிட்டுகள் அடிக்கும்) தலைசிறந்த வீரர் ஒருவருக்கு ஆட்டத்திற்கு நான்கு வாய்ப்புகள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்தில் அவர் ஒரு ஹிட்டாவது அடிப்பதற்கான சாத்தியம் ஏறக்குறைய 82 சதவீதம். அது கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட 56 ஆட்டங்களிலும் அது தொடர்ந்து நிகழ்வதற்கான சாத்தியத்தைப் பெருக்கிப் பார்த்தால், சுமார் 60,000இல் ஒன்று என்று வரும். பிட்சர் வேண்டுமென்றே எட்டாத இடத்தில் பந்தெறிந்து அவரை நடந்து செல்ல விட்டால் அதுவும் ஹிட்டாகாது; வாய்ப்புத்தான் ஒன்று குறையும். ஜூலை 17 அன்று கிளீவ்லாந்தில், மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர் இரண்டு பலமான அடிகளைத் தடுத்து ஆட்டமிழக்கச் செய்ததில் அந்தத் தொடர் அறுந்தது. அடுத்த நாளே டிமாஜியோ புதிய தொடரொன்றைத் தொடங்கி, அதனை 16 ஆட்டங்கள் வரை கொண்டுசென்றார். அதன்பின் அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் இந்தச் சாதனையை மிக அண்மித்தவர் 1978இல் 44 ஆட்டங்கள் வரை சென்ற பீட் ரோஸ். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், பன்னிரண்டு ஆட்டங்கள் குறைவாகத்தான் ஒருவரால் நெருங்க முடிந்திருக்கிறது.

நீங்கள் பிராட்மனைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அதே 1941இன் கடைசி நாளில், பொஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸின் சராசரி 0.39955 ஆக இருந்தது. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் முழுமைப்படுத்தி 0.400 என்றே பதிந்திருப்பார்கள். அவர் பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் களமிறங்கி, எட்டு வாய்ப்புகளில் ஆறு ஹிட்டுகள் அடித்து, 0.406 என்று ஆண்டை முடித்தார். 1948இல் ஓவல் மைதானத்தில் நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் பிராட்மனின் சராசரி நூறைத் தொட்டிருக்கும் என்பதையும், அவர் இரண்டாவது பந்திலேயே ஆட்டமிழந்ததையும் நாம் அறிவோம். வில்லியம்ஸுக்குப் பிறகு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் முழுப் பருவகாலத்தில் 0.400ஐ எட்டியவர் இல்லை. 1994இல் டொனி குவின் 0.394இல் இருந்தபோது, வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஓகஸ்ட் மாதத்துடன் ஆட்டங்களே நின்றுபோயின.

---

பதில்: வாணி (தெஹிவளை)

கொட்டாஞ்சேனை அண்ணா துடுப்பாட்டத் தொடர்களை விரிவாகச் சொல்லிவிட்டதால், ஹோம் ரன் தயக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேப் ரூத் 1927இல் 60 ஹோம் ரன்கள் அடித்தபோது ஒரு பருவகாலம் 154 ஆட்டங்களைக் கொண்டிருந்தது. ரொஜர் மாரிஸ் 1961இல் 61 அடித்தபோது, அவருடைய லீக்கில் அது 162 ஆக உயர்ந்திருந்தது. ரூத்தின் நெருங்கிய நண்பராக இருந்த ஆணையாளர் போர்ட் பிரிக், 154 ஆட்டங்களுக்குள் முறியடிக்காவிட்டால் அதனைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்ததனால், மாரிஸ் தம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டில் கொண்டாட்டத்தைவிட நிந்தனையையே அதிகம் பெற்றார். இன்று நீங்கள் கேட்கும் தயக்கத்தின் முதல் விதை அங்கே விழுந்தது.

ஹாங்க் ஆரனின் அனுபவம் இதைவிடக் கொடியது. ரூத்தின் மொத்த எண்ணிக்கையான 714ஐ நெருங்க நெருங்க, ஒரு கறுப்பினத்தவர் அதனைத் தாண்டுவதைப் பொறுக்காதவர்களிடமிருந்து கொலை மிரட்டல்கள் அடங்கிய கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில், டொட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் எறிந்த பந்தில் 715ஆவது ஹோம் ரன்னை அடித்தார். பின்னர் 755இல் ஓய்வு பெற்றார். ஆரன் எந்த ஆண்டிலும் 50 ஹோம் ரன்கள் அடித்ததில்லை. அவருடைய அதிகபட்சம் 1971இல் அடித்த 47தான். ஆண்டுதோறும் சலிக்காமல் சேர்த்த எண்ணிக்கை அது. என் கணக்கில் ரூத்தின் ஒற்றை ஆண்டு அதிரடியைவிட இந்த நிதானம் பெரியது.

பின்னர் 1998இல் மார்க் மெக்வயர் 70, சமி சோசா 66 என்று ஒரே கோடையில் மாரிஸின் எண் இரண்டு பேரால் தாண்டப்பட்டது. 2001இல் பரி பொண்ட்ஸ் 73 அடித்தார். 2007இல் ஆரனையும் தாண்டி 762இல் நிறுத்தினார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்குபவர்களுக்குத் தண்டனை என்ற ஒழுங்கு மேஜர் லீக்கில் நடைமுறைக்கு வந்ததே 2004இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தாம் ஸ்டெரொயிட் பயன்படுத்தியதை மெக்வயர் 2010இல் ஒப்புக்கொண்டார். தெரிந்தே எதையும் பயன்படுத்தவில்லை என்பது பொண்ட்ஸின் நிலைப்பாடு. அவருடைய 73உம் 762உம் உத்தியோகபூர்வப் பதிவேட்டில் எந்தக் குறியீடும் இல்லாமல் இருக்கின்றன. ஆனால் புகழ் மண்டபத்துக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் எழுத்தாளர்கள், அவருக்குரிய பத்து வாய்ப்புகளிலும், 2022 வரை, அவரை நிராகரித்தார்கள். எண்ணை ஏற்றுக்கொண்டு, அதை அடித்தவரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதே 2022இல் ஆரன் ஜட்ஜ் 62 அடித்து அமெரிக்கன் லீக் சாதனையாளரானபோது, உண்மையான சாதனை இதுதான் என்று பலர் எழுதியது இந்தப் பின்னணியில்தான்.

---

பழைய ஸ்கோர்புத்தகம்

இருவருக்கும் நன்றி. மூடப்பட்ட கதவு என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. அப்படியானால் நோலன் ரயனின் 5,714 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் (துடுப்பாட்டக்காரரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வது) அதே வகையா? பிட்சர்கள் இவ்வளவு குறைவாக எறிவதால் அதுவும் ஆட்டமே பூட்டிவிட்ட எண்தானா? இன்னொன்று: நாம் பேசுவது எல்லாம் அமெரிக்க எண்களாகவே இருக்கின்றன. ஜப்பானிலும் தொழில்முறைப் பேஸ்போல் இருக்கிறதல்லவா?

---

பதில்: ஹோமாகம ராகுலன்

ரயனின் எண் சற்று வேறுபட்டது, ஐயா. இன்றைய துடுப்பாட்டக்காரர்கள் முன்னெப்போதையும்விட அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார்கள், ஆகவே ஆட்டம் அந்தக் கதவை மூடவில்லை. ஒரு வகையில் அகலத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு 250 வீதம் எடுப்பவருக்கே அந்த எண்ணைத் தாண்ட ஏறத்தாழ 23 ஆண்டுகள் வேண்டும். ரயன் 27 பருவகாலங்கள் ஆடினார். ஒரு ஹிட்டும் கொடுக்காத தமது ஏழாவது ஆட்டத்தை 1991இல், 44 வயதில் எறிந்தார். இரண்டாம் இடத்திலுள்ள ரண்டி ஜோன்சன் 4,875உடன் நின்றார். இங்கே காவல் நிற்பது ஒரு மனிதனின் தோள்மூட்டு.

ஜப்பானைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் பக்கத்துத் தியகமவில் ஜப்பானிய உதவியுடன் அமைந்த பேஸ்போல் மைதானம் இருப்பதனால், இந்த விளையாட்டை நான் முதலில் அறிந்ததே ஜப்பானியப் பெயர்கள் வழியாகத்தான். யொமியூரி ஜயன்ட்ஸ் அணிக்காக சதஹாரு ஓ அடித்த ஹோம் ரன்கள் 868. மைதானங்கள் சிறியவை, பந்துவீச்சின் தரம் வேறு என்று அமெரிக்கர்கள் அதனைத் தனியே வைப்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஜப்பானில் ஒன்பது ஆண்டுகள் ஆடிவிட்டுச் சென்ற இசிரோ சுசுகி, 2004இல் ஒரே பருவகாலத்தில் 262 ஹிட்டுகள் அடித்து, 1920 முதல் நிலைத்திருந்த ஜோர்ஜ் சிஸ்லரின் 257ஐ அமெரிக்க மண்ணிலேயே தாண்டினார் என்பதையும் அவர்கள் சேர்த்து எண்ண வேண்டும்.

கல் ரிப்கென் பற்றி இதுவரை எவரும் எழுதாதது எனக்கு வியப்பு. லூ கெரிக் 2,130 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஆடி, உடலை உருக்கிய நரம்பு நோயால் 1939இல் நின்றார். ரிப்கென் 1995 செப்டெம்பர் 6 அன்று பால்ட்டிமோரில் 2,131ஆவது ஆட்டத்தை ஆடியபோது, முந்தைய ஆண்டின் வேலைநிறுத்தத்தால் கசந்துபோயிருந்த ரசிகர்கள் ஆட்டத்தை நிறுத்தி இருபது நிமிடங்களுக்கு மேல் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு ஹிரோஷிமா கார்ப் அணியின் சச்சியோ கினுகசாவின் 2,215ஐயும் அவர் தாண்டினார். கினுகசா அமெரிக்கா சென்று அதனை நேரில் பார்த்தார். அந்தக் கினுகசா, 1979இல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்த மறுநாளே மட்டையுடன் களமிறங்கியவர். ரிப்கெனின் தொடர் 1998இல் 2,632இல் முடிந்தது. 162 ஆட்டங்கள் கொண்ட பதினாறு பருவகாலங்களை ஒன்றும் தவறாமல் ஆடினாலும் 2,592தான் வரும். இன்றைய அணிகள் நல்ல உடல்நிலையிலுள்ள வீரருக்கும் ஓய்வு கொடுப்பதால், இதற்கு ஆபத்து இல்லை.

வாணி அக்கா சொன்னதன் மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. ஜக்கி ரொபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கும் வரை, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மேஜர் லீக் கறுப்பின வீரர்களை வெளியே வைத்திருந்தது. ஆகவே 1927இல் ரூத்தும் 1941இல் வில்லியம்ஸும் டிமாஜியோவும் அக்காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியினரை லீக் ஆட்டங்களில் சந்திக்கவே இல்லை. 2024 மே மாதத்தில், கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிபரங்கள் உத்தியோகபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டதும், 0.372 என்ற வாழ்நாள் சராசரியுடன் ஜோஷ் கிப்சன் டை கொப்பை முந்தி முதலிடத்துக்கு வந்தார். 1943இல் அவர் பெற்ற 0.466 இப்போது ஒரு பருவகாலத்தின் மிக உயர்ந்த சராசரி. அந்தப் பருவகாலங்கள் குறுகியவை என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். குறுகியதற்குக் காரணம் கிப்சன் அல்ல.

---

பதில்: வாணி (தெஹிவளை)

தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மூடிய கதவுகளை விதிமாற்றம் மீண்டும் திறக்கலாம் என்பதையும் ஸ்கோர்புத்தகம் ஐயா கவனிக்க வேண்டும். 2023 முதல் பேஸ்களின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டு, ஓடத் தயாராக நிற்பவரைத் தடுக்கப் பிட்சர் பந்தைத் திருப்பி எறிவதற்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அந்த ஆண்டே ரொனால்ட் அகூனா 41 ஹோம் ரன்களுடன் 73 பேஸ்களைத் திருடினார் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடி எட்டுவதே திருட்டு). அடுத்த ஆண்டு ஒடானி 54 ஹோம் ரன்கள், 59 திருட்டுகள் என்று, ஒரே பருவகாலத்தில் இரண்டிலும் ஐம்பதைக் கடந்த முதல் வீரரானார். அந்த எல்லையைத் தாண்டிய செப்டெம்பர் 19ஆம் திகதி ஆட்டத்தில் மட்டும் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். ஆனாலும் ரிக்கி ஹெண்டர்சன் 1982இல் திருடிய 130, பழைய சிறிய பேஸ்களில், எந்த வரம்பும் இல்லாத பிட்சர்களை எதிர்த்து வந்தது. புதிய விதிகளின் கீழ் அதன் பாதிக்குச் சற்று மேல்தான் எவரும் வந்திருக்கிறார்கள்.