ஆர்லிங்டன் 16-ஆம் பிரிவு: இறக்கிய சின்னத்தை மறுபடியும் ஏற்றலாமா?

நெடுவழி:
2024-ல் வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குப் போயிருந்தேன். 16-ஆம் பிரிவில் கற்கள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. நடுவில் வெறும் கருங்கல் பீடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகப் போரிட்டவர்களுக்கு 1914-ல் வைத்த வெண்கலச் சின்னம் அங்கேதான் இருந்தது. ராணுவத்தில் தென்படையின் பெயர் தாங்கியவற்றை ஆராய நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 2023 டிசம்பரில் இறக்கினார்கள். 2025 ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலர் பீட் ஹெக்செத் அதைத் திரும்ப வைக்கப்போவதாக அறிவித்தார். எனக்கு இது தவறாகப் படுகிறது. கல்லறைகளை யாரும் தொடவில்லை, தொடவும் கூடாது. அங்கே கிடப்பவர்கள் கிடக்கட்டும். அவர்கள் தலைக்குமேல் நின்றுகொண்டு அந்த வெண்கலம் பேசிய பேச்சுதான் எனக்குப் பிரச்சினை.

தாமிரபரணி:
நெடுவழி, நான் 2019-லேயே அந்தச் சின்னத்தை நேரில் பார்த்தவன். உங்களோடு உடன்பட முடியவில்லை. ஏன் வைத்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஸ்பெயினோடு நடந்த போரில் வடக்கும் தெற்கும் ஒரே கொடியின்கீழ் போரிட்டன. அது முடிந்ததும், 1898-ல், அதிபர் மெக்கின்லி அட்லாண்டாவில் பேசும்போது, தென்படை வீரர்களின் கல்லறைகளைப் பேணுவதில் இனி நாமும் பங்கெடுப்போம் என்றார். மெக்கின்லி உள்நாட்டுப் போரில் வடபடையில் இருந்தவர்! 1900-ல் நாடாளுமன்றம் இடம் ஒதுக்கியது. 480-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள், மனைவிமார் உட்பட. சின்னத்தைச் செய்த சிற்பி மோசஸ் எசேக்கியேல் வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட் சண்டையில் தென்படை மாணவ வீரராகப் போரிட்டவர். 1921-ல் அவரைப் புதைத்ததே அந்தச் சின்னத்தின் காலடியில்தான். அதை எடுத்துவிட்டு, கல்லறையைத் தொடவில்லை என்று சொன்னால் எப்படி? அவருக்கு அதுதானே தலைக்கல்?

நெடுவழி:
எசேக்கியேல் விஷயம் நியாயமான கேள்வி. பீடத்தை விட்டுவைத்ததே சுற்றியுள்ள கல்லறைகள் குலையக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆனால் சின்னத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். லத்தீனில் ஒரு வரி: "வென்ற பக்கம் தெய்வங்களுக்கு உகந்தது, தோற்ற பக்கம் கேட்டோவுக்கு உகந்தது." ரோமக் கவிஞர் லூக்கன், சீசருக்கும் பாம்பேக்கும் நடந்த போரைப் பற்றிப் பாடியது. கேட்டோ சீசரை எதிர்த்து நின்றவர், நேர்மைக்குப் பேர்போனவர். அப்படியானால் இங்கே சீசர் யார்? வடக்கின் அதிபர் லிங்கன்! தோற்றவர்கள் பக்கம்தான் நேர்மை என்று அமெரிக்க ராணுவத்தின் மண்ணிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிழைத்து வந்த ஒருவன் துக்கத்தில் எழுதிய வரி என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. இது வழக்குரை.

தாமிரபரணி:
ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். இன்னொரு பக்கத்தில், புகழுக்காகவோ பதவிக்காகவோ அல்ல, கடமை என்று தாங்கள் புரிந்துகொண்டதற்குப் பணிந்து இவர்கள் மாண்டார்கள் என்று இருந்தது. "தாங்கள் புரிந்துகொண்டதற்கு". எவ்வளவு கவனமான சொல்! சண்டைக்குப் போன ஏழைக் குடியானவப் பையனுக்கு இதைவிட நியாயமாக யார் எழுத முடியும்? லத்தீன் வரி தப்பென்றால் பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வையுங்கள். வெறும் பீடத்தைப் பார்த்து யார் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

பொன்னி:
இருவரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உருவங்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. போருக்குப் போகும் அதிகாரி தன் குழந்தையை ஒரு கறுப்பினப் பெண்ணிடம் கொடுக்கிறான். இன்னொரு இடத்தில் ஒரு கறுப்பின ஆள் எஜமானன் பின்னால் போருக்கு நடக்கிறான். இருவரும் அடிமைகள். அடிமைகள் மனசாரத் துணை நின்றார்கள் என்ற கதையை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள்.

இப்போது அதே கல்லறையின் 27-ஆம் பிரிவுக்குப் போங்கள். அங்கே விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 3,800 பேருக்கும் மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பல கற்களில் பெயரோடு "குடிமகன்" என்ற ஒரே சொல். அவர்கள் ஓடிவந்து சேர்ந்த நிலம் தென்படைத் தளபதி லீயுடைய மனைவியின் தோட்டம். 1863-ல் அங்கேயே அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு எழுந்தது. பக்கத்திலேயே வடபடையில் போரிட்டுச் செத்த கறுப்பின வீரர்களும் இருக்கிறார்கள். 16-ல் இருந்தது பெயரில்லாத விசுவாசப் பணிப்பெண். 27-ல் இருப்பவள் பெயரோடு குடிமகள். இரண்டும் ஒரே வேலிக்குள் உண்மையாக இருக்க முடியாது.

பலகை போதும் என்கிறீர்கள், தாமிரபரணி அண்ணா. அருங்காட்சியகம் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். இது தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும் இடம். இங்கே உயரத்தில் வைத்தாலே வணங்கு என்றுதான் பொருள். கீழே இருக்கும் பலகையை எத்தனை பேர் குனிந்து படிப்பார்கள்?

வைகறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சமரசச் சின்னம் ஆர்லிங்டனில் ஏற்கெனவே இருக்கிறது. லீ வீட்டருகே 2,111 அடையாளம் தெரியாத வீரர்களின் எலும்புகளை ஒரே குழியில் வைத்து 1866-ல் மூடினார்கள். உள்நாட்டுப் போரின் புல் ரன் போர்க்களத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பொறுக்கியவை. எந்த எலும்பு எந்தப் படை என்று பிரிக்க வழியில்லை. தென்படையினரும் அதில் இருப்பார்கள் என்றுதான் கருதுகிறார்கள். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை.

தாமிரபரணி:
வைகறை சொன்னது எனக்குத் தெரியும், நல்ல இடம். ஆனாலும் அது பெயரற்றவர்களுக்கு. பெயர் உள்ளவர்களின் வட்டத்துக்கு நடுவே ஓட்டை விழுந்ததுபோல இருப்பது என்னை உறுத்துகிறது. 109 வருஷத்துக்குமேல் அங்கே நின்றது ஐயா.

நெடுவழி:
வருஷக் கணக்கு ஆர்லிங்டனில் செல்லாது. அறியப்படாத வீரர் கல்லறையில் 1984-ல் அடையாளம் தெரியாத வியட்நாம் போர் வீரர் ஒருவரை முழு மரியாதையோடு வைத்தார்கள். அதைவிடப் புனிதமான இடம் அங்கே இல்லை. 1998-ல் அதைத் திறந்து டிஎன்ஏ பார்த்தார்கள். மைக்கேல் பிளாசி என்ற விமானி என்று தெரிந்ததும் வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் குழி இன்றும் காலிதான். உண்மை தெரிந்த பிறகு காலியாக விடுவதை அவமதிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

தாமிரபரணி:
இந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளாசியைக் கேட்டு வாங்க அவர் வீட்டார் இருந்தார்கள். எசேக்கியேலுக்காக யார் பேசுவது? அப்போதைய வர்ஜீனியா ஆளுநர் யங்கின் சின்னத்தை நியூ மார்க்கெட் போர்க்களத்துக்குக் கொண்டுபோக நினைத்தார். சிற்பி இளவயதில் போரிட்ட மண். அது நடந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஏதோ ஒரு கிடங்கில் கிடப்பதற்கு, பழைய இடத்திலேயே நிற்கட்டும் என்பதுதான் இன்றும் என் பக்கம்.

பொன்னி, 2019-ல் அந்தக் குழந்தையை வாங்கும் பெண் முன்னால் நானும் நின்றேன். சிற்ப வேலையைத்தான் பார்த்தேன். 27-ஆம் பிரிவுக்குப் போகவில்லை.

பொன்னி:
நியூ மார்க்கெட் என்றால் எனக்கும் சம்மதம், அண்ணா.