கேட்டால் முதல் வகுப்பு கிடைக்குமா? கோட்டு, காப்பித்தூள், ஒன்பதாவது வரிசை

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
போன மாதம் துபாயில் வியாபார வேலை முடிந்து பெங்களூருக்கு ராத்திரி விமானம். வாங்கியிருந்தது எகானமி டிக்கெட், அதுவும் தள்ளுபடியில் கிடைத்தது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சிரித்த முகமாக, "முன்னால் ஏதாவது சீட் காலியாக இருந்தால் பாருங்கம்மா" என்று கேட்டேன். நல்ல கோட்டு போட்டிருந்தேன். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த ஏற்காட்டுக் காப்பித்தூள் பொட்டலம் ஒன்றையும் நீட்டினேன். அப்புறம் விமானம் ஏறும் வாசலில் போர்டிங் பாஸை மெஷினில் வைத்ததும் 'கீய்ங்' என்று சத்தம், சிவப்பு விளக்கு. ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. பக்கத்திலிருந்த குட்டி பிரிண்டர் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. பார்த்தால் முதல் வகுப்பு! பத்து பைசா செலவில்லை. கால் நீட்டிப் படுத்து, பீங்கான் தட்டில் சாப்பிட்டு வந்தேன். நம் ஊர்க்காரர்கள் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவதால்தான் பின்னாலேயே முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிறோம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய கவுண்டர், ஐந்து ரோடு:
வந்துவிட்டேன். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஒன்பது வருஷம் செக்-இன் கவுண்டரில் நின்றவன் நான். கோட்டு, சிரிப்பு, காப்பித்தூள் மூன்றுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கிடையாதுங்க.

நடப்பது இதுதான். டிக்கெட் வாங்கிய எல்லோரும் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கிற சீட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக விற்பார்கள். சில நாள் கணக்கு தப்பி அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். பின்னால் ஆறு பேர் கூடுதல், முன்னால் எட்டு சீட் காலி. என்ன செய்வது? ஆளை ஏற்றாமல் விட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ விதிப்படி, ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராமல் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கும் எரிபொருள் கட்டணமும், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. முன்னால் தூக்கி உட்கார வைத்தால் ஒரு சாப்பாட்டுச் செலவோடு போயிற்று. இரண்டில் எதைச் செய்வார்கள் என்று வியாபாரிக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

யாரைத் தூக்குவது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. அடிக்கடி பறப்பவர்களுக்குத் தருகிற கார்டில் எந்தப் படி, டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தார், தனியாக வருகிறாரா, இப்படி. கவுண்டரில் நிற்கிற பிள்ளை தன் இஷ்டத்துக்கு மாற்றினால் அது அவள் பெயரிலேயே பதிவாகும், மறுநாள் விளக்கம் எழுதித் தரவேண்டும். இன்னொன்று, எகானமியிலிருந்து நேராக முதல் வகுப்புக்குப் போவது அபூர்வத்திலும் அபூர்வம். எகானமிக்காரர் பிசினஸுக்கு, பிசினஸ்காரர் முதல் வகுப்புக்கு. ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் "ஆளுக்கு ஒரு சீட் தள்ளி உட்காருங்க" என்பாரே, அந்தக் கதைதான். உங்கள் சீட் எண் என்ன?

கொலுசுப்பட்டறை:
ஒன்பதாவது வரிசை, ஜன்னல் ஓரம். எதற்குக் கேட்கிறீர்கள்?

பழைய கவுண்டர்:
மூடிக்கொள்ளக் கதவு இருந்ததா?

கொலுசுப்பட்டறை:
கதவா? பாதி உயரத்துக்கு ஒரு தடுப்பு இருந்தது.

பழைய கவுண்டர்:
மூன்று வகுப்பு உள்ள விமானத்தில் முதல் வகுப்பு பெரும்பாலும் ஒன்றாம் வரிசையில் ஆரம்பித்துச் சில வரிசைக்குள் முடிந்துவிடும். நீங்கள் வந்தது பிசினஸ். வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ, அதை நான் கெடுக்கவில்லை.

மிளகுக்கொடி, ஏற்காடு:
ஏனுங்க, மேலே ஏற்றிவிட்ட கதையைத்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். கீழே இறக்கிவிட்டதைப் பேச ஆளில்லையா? 2022-இல் டெல்லியிலிருந்து பெங்களூருக்கு அம்மாவுக்காக பிசினஸ் டிக்கெட் எடுத்திருந்தோம். இரண்டு முட்டியும் மடக்க முடியாதவர். விமான நிலையத்துக்குப் போனால் "விமானத்தை மாற்றிவிட்டோம், முன்னால் சீட் குறைவு" என்று பின்னால் உட்கார வைத்தார்கள். அம்மா காலை நடைபாதையில் நீட்டியபடி, தள்ளுவண்டி வரும்போதெல்லாம் கையால் முட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்துக் கேட்டவர்களோ?

உங்களுக்குத் தானாகக் கிடைத்தது, சரி, நல்லா இருங்க. ஆனால் முழுக்காசு கொடுத்தவர் பக்கத்தில் இருக்க, "கேள், கிடைக்கும்" என்று ஊருக்கே சொல்லித்தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் தோட்டத்து மிளகுக்கு ஒருத்தர் விலை கொடுத்து எடுக்கும்போது, அடுத்த ஆளுக்கு அவர் கண் முன்னால் சும்மா அள்ளிக் கொடுத்தால் முதல் ஆள் மறுபடி மலை ஏறி வருவாரா?

பழைய கவுண்டர்:
அக்கா, விமானம் மாறி இறக்கினால் அதற்கும் பட்டியல் இருக்கும், சிரித்தவர்களால் வந்ததல்ல. இப்போது விதி மாறிவிட்டது. 2023 பிப்ரவரி 15 முதல், காசு கொடுத்த வகுப்பிலிருந்து கீழே இறக்கினால் உள்நாட்டு விமானத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தரவேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75. அம்மாவுக்கு நடந்தது அதற்கு முன்னால் என்பதுதான் வருத்தம்.

கொலுசுப்பட்டறை:
அக்கா, மன்னிக்கணும். அம்மாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் காலியாகப் போகிற சீட்டில் நான் உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்? மிளகை அடுத்த வாரமும் விற்கலாம். விமானம் கிளம்பிவிட்டால் அந்த சீட்டை யாருக்கு விற்பீர்கள்?

ஜங்ஷன் பக்கம், சூரமங்கலம்:
இதற்கு ரயில்வே தேவலை. டிக்கெட் எடுக்கும்போது தானியங்கி மேம்படுத்தலுக்குச் சம்மதமா என்று ஒரு கட்டம் வரும், டிக் அடித்தால் போதும். சார்ட் போடும்போது ஏசியில் இடம் காலியாக இருந்தால் ஸ்லீப்பர்காரரை அங்கே தூக்கிப் போடும். 2006-லிருந்து இருக்கிறது. முக்கியமான விஷயம், அவர் காலி செய்த பெர்த் வெயிட்டிங் லிஸ்ட்காரருக்குப் போகும். ஒருத்தர் மேலே போனால் இன்னொருத்தர் உள்ளே வருகிறார். எனக்கே சென்னைக்குப் போகும்போது ஒரு தடவை ஏசி கிடைத்தது. கோட்டு போடவில்லை, கைலியோடு ஏறினேன். போர்வை கொடுத்தார்கள், குளிர் தாங்கவில்லை, அது வேறு கதை.

பழைய கவுண்டர்:
விமானத்திலும் அதே கதைதான், கட்டம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. இலவசமும் இப்போது குறைந்து வருகிறது. பயணத்துக்குச் சில நாள் முன்னால் "முன் வகுப்புக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று ஏலம் கேட்டு மெயில் அனுப்புகிறார்கள். கேட்ட தொகை ஒத்துவந்தால்தான் காசு எடுப்பார்கள். சும்மா கொடுத்ததை விற்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேட்டுப் பெற ஒரே ஒரு நேரம் உண்டு. கூட்டம் அதிகமாகி, "அடுத்த விமானத்தில் போக யாருக்காவது சம்மதமா?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது கையைத் தூக்கி, "நான் தங்குகிறேன், அடுத்ததில் முன்னால் இடம் கொடுங்க" என்று பேரம் பேசலாம். அது வெறும் கேட்பு இல்லை, உங்களிடம் கொடுக்க ஒரு பொருள் இருக்கிறது. இந்த வழக்கம்கூடச் சண்டை போட்டு வந்ததுதான். அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடரை 1972-இல் உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்றாமல் விட்டார்கள். வழக்கு 1976-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல்தான், கட்டாயமாக யாரையும் நிறுத்துமுன் விருப்பப்பட்டவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

41-ஆம் வரிசை நடு சீட்:
எல்லோருக்கும் வணக்கம். கொலுசுப்பட்டறை மாமாவோடு துபாய் போன மச்சினன் நான்தான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

நான் முந்தின நாளே போனில் செக்-இன் செய்து சீட் வாங்கிவிட்டேன். மாமா மறந்துவிட்டார். கவுண்டரில் அவருக்குக் கொடுத்த போர்டிங் பாஸில் சீட் எண்ணே இல்லை, வாசலில் தருவார்கள் என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பெண் "விமானம் முழுசாக நிரம்பிவிட்டது சார்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். காப்பித்தூளை அந்தப் பெண் தொடவே இல்லை. பொட்டலம் பத்திரமாக எங்கள் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பழைய கவுண்டர்:
போதும் தம்பி. சீட் எண் இல்லாத பாஸ் என்றால் பின்னால் இடமே இல்லை என்று அர்த்தம். தாமதமாக வந்ததற்குக் கிடைத்த பரிசு. சில நாள் அதே தாமதத்துக்கு ஊரில் விட்டுவிட்டும் போவார்கள்.

கொலுசுப்பட்டறை:
காப்பித்தூளைக் கொடுத்தேன் என்று நான் எங்கே சொன்னேன்? நீட்டினேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்.

மிளகுக்கொடி:
அலமாரியில் எத்தனை நாளாக இருக்கிறது? வாசம் போயிருக்கும். புதுசு நான் தருகிறேன், காசு கொடுத்து வாங்கிக்கோங்க.

ஜங்ஷன் பக்கம்:
அது சரி, நம் சேலம் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிறதே, அதில் கேட்டுப் பார்க்கலாமா?

பழைய கவுண்டர்:
அது ஏ.டி.ஆர் என்கிற சின்ன விமானம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரே வகுப்பு. ஏறி இறங்குகிற கதவும் பின்னால்தான். கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.

கொலுசுப்பட்டறை:
அப்போ கடைசி வரிசை கேட்டால் கொடுப்பார்களா?

41-ஆம் வரிசை நடு சீட்:
கோட்டு போட்டுக்கொண்டு கேளுங்க மாமா.