எஸ்எஸ்எச் வழியாக வரைகலை நிரல் திறக்க மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். ஆய்வகத்தில் உள்ள டெபியன் சர்வரில் நுண்ணோக்கிப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. வீட்டிலிருக்கும் உபுண்டு மடிக்கணினியிலிருந்து, தொலைக் கணினிக்குள் மறையாக்கி நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, அங்கேயே இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு நிரலை ஓட்டி, படங்களை என் திரையில் பார்க்க விரும்புகிறேன். சாளரங்களை என் திரைக்கு அனுப்பச் சொல்லும் பெரிய எக்ஸ் எழுத்தைக் கட்டளையில் சேர்த்தே நுழைகிறேன். ஆயினும் எக்ஸ்கிளாக் கடிகாரம்கூட டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எந்தத் திரையில் சாளரம் திறக்க வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியை எக்கோ செய்தால் ஒரு முக்காற்புள்ளியும் பூஜ்ஜியமும் வருகின்றன. சர்வரில் மானிட்டரே இல்லை. சாளரங்களைத் திரையில் வரையும் எக்ஸ் சர்வரை அங்கே நிறுவ வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம். எக்ஸ் முறையில் திரையும் விசைப்பலகையும் உள்ள பக்கம்தான் சர்வர். அதாவது உங்கள் மடிக்கணினி. தொலைவில் ஓடும் நிரல் வெறும் கிளையன்ட். இந்தத் தலைகீழ்ப் பெயரில் தடுமாறாதவர் அரிது. முறையாக நுழைந்திருந்தால் டிஸ்ப்ளே மாறியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் 10 என்ற எண்ணும் இருந்திருக்கும். சர்வரில் 6010 ஆம் போர்ட்டில் காத்திருந்து, வருவதை மறையாக்கிய இணைப்புக்குள் அனுப்பும் வாயில் அது. நீங்கள் காண்பதோ அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டிய முதல் திரையின் எண். நுழையும்போது ஓடும் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் யாரோ அதைக் கைப்பட எழுதி வைத்திருக்க வேண்டும், தேடிப் பாருங்கள்.

கேட்டவர்:
அப்படியே இருந்தது. எனக்கு முன்பிருந்த மாணவரிடமிருந்து கோப்பை நகலெடுத்தபோது அந்த வரியும் கூடவே வந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு மீண்டும் நுழைந்தால், இப்போது மாறி வெறுமையாக இருக்கிறது. விவரங்களைக் காட்டும் சிறிய வி எழுத்தைச் சேர்த்துப் பார்த்ததில், எக்ஸ்ஆத் நிரல் இல்லாததால் எக்ஸ்11 இணைப்பை அனுப்ப இயலாது என்ற வரி தெரிகிறது.

மறுமொழி 2:
குறைந்தபட்ச நிறுவலில் எக்ஸ்ஆத் பொதி விடுபட்டுப்போவது வழக்கம். நிர்வாகியிடம் சொல்லி நிறுவச் செய்யுங்கள். திரையை அணுக அனுமதிக்கும் இரகசியக் குறியீடுதான் குக்கி. உங்கள் எஸ்எஸ்எச் ஒரு போலிக் குக்கியை உருவாக்கி சர்வருக்கு அனுப்பும். அங்கே அதை உங்கள் ஹோம் அடைவில் ஒரு கோப்பில் எழுதி வைப்பது எக்ஸ்ஆத்தின் வேலை. உண்மையான குக்கி மடிக்கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. சுடோ கொடுத்து வேறு பயனராக மாறியதும் சாளரம் திறக்காமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் இந்தக் கோப்புதான். அந்தப் பயனரிடம் அது இருக்காது.

ஓர் எச்சரிக்கை. பெரிய எக்ஸ் கட்டுப்பாடுள்ளது, பெரிய ஒய் முழு நம்பிக்கை அளிப்பது என்று கையேடுகள் பிரித்துச் சொல்லும். டெபியனிலும் உபுண்டுவிலும் இயல்பு அமைப்பு மாற்றப்பட்டிருப்பதால் இரண்டும் ஒன்றாகவே நடந்துகொள்கின்றன. எனவே, சர்வரில் ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமை உள்ள எவரும், இணைப்பு திறந்திருக்கும் வரை, நீங்கள் மற்ற எக்ஸ் சாளரங்களில் தட்டுவதைக் கவனிக்க முடியும். நம்பாத கணினிக்கு இந்த வழியைத் திறக்காதீர்கள்.

மறுமொழி 3:
திறந்த பிறகு மெதுவாக இருக்கிறது என்று கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். முழுத் திரை அளவுப் படம் ஒவ்வொரு முறை வரையப்படும்போதும், சுருக்கம் இல்லாமல், சுமார் 8 எம்பி பயணிக்கிறது. பெரிய சி எழுத்தைச் சேர்த்தால் ஓரளவு சுருங்கும். நாள் முழுவதும் படம் பார்ப்பதானால், தொலைவில் ஓடும் நிரலின் சாளரத்தைக் காட்டும் எக்ஸ்ப்ரா என்ற கருவிக்கு மாறிவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் நிரல் சாகாது என்பதே எனக்கு அதில் பெரிய வசதி.

கேட்டவர்:
எக்ஸ்ஆத் நிறுவியதும் கடிகாரம் வந்துவிட்டது. இமேஜ்ஜேயும் திறக்கிறது, படத்தை நகர்த்தினால்தான் துண்டு துண்டாக வருகிறது. இன்றிரவு எக்ஸ்ப்ராவை முயன்று பார்க்கிறேன்.